கரண்ட் போய் வந்தால் பிறிண்டர் காணாமல் போகிறது: ஸ்ரற்றிக் ஐபி போட்டால் சரி வருமா?

கோண்டாவில் ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் கணிதம் படிப்பிக்கிற ஆள். கொம்பியூட்டரில் வினாத்தாள் அடிக்கத் தெரியும், பிள்ளைகளின் புள்ளிகளைக் கூட்டத் தெரியும். அதற்கு மேல் கை வைத்தால் ஏதாவது உடைந்துவிடும் என்று பயம். ஆகவே கொஞ்சம் ஆறுதலாக விளங்கப்படுத்துங்கள்.

கோண்டாவிலில் எங்களுடையது மாமனார் காலத்து நாற்சார் வீடு. முன் விறாந்தையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை ஆறரைக்கு வகுப்பு. விடிய ஐந்து மணிக்கு எழும்பி 40 பிரதி எடுப்பேன். லப்டொப்பும் பிறிண்டரும் வைஃபையில்தான் கதைத்துக்கொள்கின்றன. போன ஞாயிறு நாலரைக்குக் கரண்ட் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தது. அதன் பிறகு லப்டொப்பில் 'பிறிண்டர் ஓஃப்லைன்'. பிறிண்டரைப் பார்த்தால் பச்சை விளக்கு எரிய, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நிற்கிறது. பிள்ளைகள் வந்து இருந்துவிட்டார்கள். கடைசியில் கேத்திரகணித வினாக்கள் எல்லாவற்றையும் வெண்கட்டியால் பலகையில் கீறினேன். அரை வகுப்பு அதிலேயே போய்விட்டது.

இது முதல் தடவை இல்லை. சித்திரை வருடப் பிறப்புக்குப் பிறகு நாலைந்து தரம் நடந்துவிட்டது. பிறிண்டரின் சின்னத் திரையில் ஐபி இலக்கம், அதாவது நெற்வேர்க்கில் அதன் முகவரி, பார்க்கலாம் என்று ஒரு மாணவன் காட்டித் தந்தான். கரண்ட் போக முதல் 192.168.1.7 என்று இருந்தது, பிறகு 192.168.0.103. அதாவது இலக்கம் மாறுகிறது, லப்டொப் பழைய இலக்கத்தில் போய்த் தட்டுகிறது. இவ்வளவும் எனக்கு விளங்குகிறது.

கேற்றடியில் ஒரு கமராவும் இருக்கிறது. கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற தம்பி வாங்கி அனுப்பியது. பெயருக்குக் கள்ளர் பயம், உண்மையில் அவன் பார்ப்பது கறுத்தக்கொழும்பான் மாமரத்தை. கரண்ட் போய் வந்தால் அதுவும் சில நாள் அவனுக்குத் தெரியாது. 'அக்கா, ஸ்ரற்றிக் ஐபி போடுங்கோ, இலக்கம் மாறாது' என்கிறான். ரவுணில் ஒரு கடையில் கேட்டேன், அதற்கு இன்ரநெற் கொம்பனிக்கு மாதா மாதம் தனிக் காசு கட்ட வேண்டும் என்றார்கள். என் பிறிண்டர் என் லப்டொப்போடு கதைப்பதற்கு நான் ஏன் கொம்பனிக்குக் காசு கட்ட வேண்டும்? யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இணுவில் பொடியன்:

ரீச்சர், காசு ஒன்றும் தேவையில்லை. பிறிண்டரின் திரையில் நெற்வேர்க் அமைப்புக்குள் போய் ஐபியை 'மனுவல்' ஆக்குங்கள். ஐபி 192.168.1.200, சப்நெற் மாஸ்க் 255.255.255.0, கேற்வே (வெளியே போகிற வழி, அதாவது றவுட்டர்) 192.168.1.1. சேமித்துவிட்டு லப்டொப்பில் பிறிண்டரை அழித்துத் திரும்பச் சேருங்கள். ஐந்து நிமிட வேலை. நான் வீட்டில் இப்படித்தான் வைத்திருக்கிறேன், ஒரு கரைச்சலும் இல்லை.

வயர்க்கட்டு:

இணுவில் தம்பி சொன்னது ஓடும். ஆனால் ரீச்சரின் வீட்டில் நோய் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தக் கடைக்காரர் கதை. ஸ்ரற்றிக் ஐபி என்ற ஒரே பெயரில் இரண்டு சாமான் இருக்கிறது. கொம்பனி காசுக்கு விற்பது வெளி உலகத்துக்குத் தெரிகிற இலக்கம். ரீச்சருக்கு வேண்டியது வீட்டுக்குள் புழங்குகிற இலக்கம். 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரையுள்ளவை எல்லாம் வீடு, கந்தோர் என்று உள்ளே பாவிப்பதற்கென்றே 1990களில் ஒதுக்கிவைத்தவை. பழைய முறை ஐபியில் மொத்தமே 430 கோடிக்குக் கொஞ்சம் குறைவான இலக்கங்கள்தான், ஆளுக்கொன்று கொடுத்துக் கட்டாது. உங்கள் வீட்டு 192.168.1.7உம் என் வீட்டு 192.168.1.7உம் ஒன்றோடொன்று முட்டாது. ஊருக்கு ஊர் ஒரு பிள்ளையார் கோயில் இருப்பது போலத்தான். இதற்கு யாரும் காசு கேட்க முடியாது.

அடுத்தது, இலக்கம் ஏன் மாறுகிறது. வீட்டுக்குள் வருகிற சாமான்களுக்கு றவுட்டர் இலக்கம் கொடுக்கும் முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். அது உறுதி எழுதித் தருவதில்லை, குத்தகைக்குத்தான் தரும். குத்தகைக் காலம் பாதி முடிந்ததும் பிறிண்டர் தானாகவே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். அதனால் கரண்ட் நிற்காதவரை மாதக்கணக்கில் ஒரே இலக்கத்தில் கிடக்கும். கரண்ட் போனால் மலிவான றவுட்டர்கள் பலவற்றுக்குக் குத்தகைக் கணக்கு முழுக்க மறந்துபோகும். திரும்ப வந்ததும் போன், ரீவி, கமரா எல்லாம் ஓடிவந்து கேட்க, இருப்பதை எடுத்துக் கொடுக்கும். பழைய இலக்கத்தையே தா என்று பிறிண்டர் கேட்டுப் பார்க்கும்தான். அதற்குள் வேறு யாரும் எடுத்திருந்தால் கிடையாது.

இதற்கு நல்ல மருந்து, பிறிண்டரில் இலக்கத்தைப் பூட்டுவதைவிட, றவுட்டரில் எழுதிவைப்பது. 'அட்றஸ் றிசவேசன்' என்று அந்தப் பக்கத்துக்குப் பெயர் இருக்கும். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு மாதிரி இன்ன காணி இன்னாருக்கு என்று ஒரே இடத்தில் பதிவு. தம்பி சொன்ன வழியில் ஒரு சிக்கல் உண்டு. றவுட்டர் 2 முதல் 254 வரை எல்லாவற்றையும் வாடகைக்கு விடுவதாக இருந்தால், 200இல் நீங்கள் குடியிருப்பது அதற்குத் தெரியாது. ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனுக்கு 200ஐக் கொடுத்துவிடும். பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் நின்று சண்டை.

இனி நான் கேட்க வந்தது. ரீச்சர், நீங்கள் எழுதிய இரண்டு இலக்கத்தையும் திரும்ப ஒருக்காப் பாருங்கள். 192.168.1.7. பிறகு 192.168.0.103. கடைசி இலக்கம் மாறினால் அது சாதாரணம். உங்களுக்கு மூன்றாவது இலக்கமே மாறியிருக்கிறது. 255.255.255.0 என்கிற மாஸ்க் சொல்வது, முதல் மூன்று இலக்கமும் ஒன்றாக இருப்பவர்கள்தான் ஒரே ஒழுங்கைக்காரர் என்று. ஒரு றவுட்டர் ஒழுங்கை மாற்றிக் கொடுக்காது. ஆகவே உங்கள் வீட்டில் இலக்கம் கொடுக்க இரண்டு பேர் இருக்கிறார்கள். சித்திரைக்கு வீட்டில் புதிதாக என்ன வந்தது?

கோண்டாவில் ரீச்சர்:

ஐயோ. இருபது வருடமாக 'இலக்கத்தை வடிவாகப் பார், பிறகு விடையை எழுது' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவள் நான்.

புதிதாக வந்தது ஒரு வைஃபைப் பெட்டி. மாமியின் அறை நாற்சாருக்குப் பின்பக்கம். பழைய சுண்ணாம்புக்கல் சுவர், ஒரு முழம் தடிப்பு, முன் விறாந்தைப் பெட்டியின் வைஃபை அங்கே போகாது. மாமி நோர்வேயில் இருக்கிற பேரப்பிள்ளைகளோடு வட்ஸ்அப்பில் கதைக்க வேண்டுமென்றால் குசினி வாசலில் நின்றுதான் கதைப்பார். வருடப் பிறப்புக்கு மானிப்பாயிலிருந்து வந்த மச்சாளின் மகன் தன்னிடம் சும்மா கிடந்த ஒரு றவுட்டரைக் கொண்டுவந்து, முன்னுக்கிருந்து கூரைக்குள்ளால் கேபிள் இழுத்துப் பூட்டிவிட்டுப் போனான். முன் பெட்டியின் பெயரும் பாஸ்வேட்டும்தான் அதற்கும். நல்ல பிள்ளை, அன்றைக்கு நன்றாகத்தான் வேலை செய்தது.

இன்னொன்றும் இப்போதுதான் பொருந்துகிறது. கரண்ட் போய் வந்தால் சில நேரம் போனில் வைஃபை முழுக்கோடு காட்டும், ஆனால் நெற் இருக்காது. இரண்டு பெட்டியையும் நிற்பாட்டிப் போடுவோம், சரியாகிவிடும். கொம்பனியின் லைன்தான் பிழை என்று நினைத்து நான் இரண்டு தரம் போன் எடுத்து ஏசியும் விட்டேன்.

வயர்க்கட்டு:

ஏசினதை விடுங்கள், அவர்கள் பழகியிருப்பார்கள். போய் ஒன்று பாருங்கள். பின் பெட்டியில் அந்த நீளக் கேபிள் எந்த ஓட்டையில் பூட்டியிருக்கிறது? ஒரே நிறத்தில் வரிசையாக இருக்கும் நாலில் ஒன்றிலா, வேறு நிறத்தில் தனியாக இருப்பதிலா?

கோண்டாவில் ரீச்சர்:

மஞ்சள் நிறத்தில் மூன்று, நீல நிறத்தில் ஒன்று. மஞ்சளில் பூட்டியிருக்கிறது.

வயர்க்கட்டு:

அதுதான் கதை. பின் பெட்டியும் தன்னை வீட்டுக்காரர் என்று நினைத்து இலக்கம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பேரில் யார் முந்திப் பதில் சொல்கிறாரோ அவர் கொடுத்த இலக்கம்தான். முன்னுக்கிருக்கிற கொம்பனியின் ஃபைபர்ப் பெட்டி எழும்பி லைனைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். பின்னுக்கிருக்கிற சின்னப் பெட்டி அதற்கு முன்பே எழும்பிவிடும். ஆகவே கரண்ட் வந்தவுடனே அவசரப்பட்டுக் கேட்கிற பிறிண்டருக்கும் கமராவுக்கும் 192.168.0 ஒழுங்கைதான் கிடைக்கும். அந்த ஒழுங்கையில் வெளியே போக வழி இல்லை, ஏனென்றால் சின்னப் பெட்டியின் நீல ஓட்டையில் ஒன்றும் பூட்டவில்லை. நெற் இல்லாத முழுக்கோடு வைஃபைக்கும் அதுதான் காரணம்.

நீலத்துக்கு மாற்றினால் முடிந்ததுதானே என்று யாராவது சொல்வார்கள். சண்டை நிற்கும், ஆனால் பின்பக்கம் தனி ஒழுங்கையாகிவிடும். முன்னுக்கிருக்கிற லப்டொப்பிலிருந்து பின்னுக்கிருக்கிற சாமானைத் தேடினால் கிடைக்காது. மஞ்சளிலேயே இருக்கட்டும், அந்தப் பெட்டியின் இலக்கம் கொடுக்கிற வேலையை மட்டும் பறித்துவிடுவோம்.

முதலில் நீளக் கேபிளைக் கழற்றுங்கள். மறந்து அதோடு தொடங்கினால் எந்தப் பெட்டியோடு கதைக்கிறீர்கள் என்றே தெரியாமல் மினக்கெடுவீர்கள். லப்டொப்பின் வைஃபையை நிற்பாட்டி, ஒரு சின்னக் கேபிளால் பின் பெட்டியின் மஞ்சளில் பூட்டி, பிறவுசரில் 192.168.0.1 என்று அடியுங்கள். நுழைகிற பாஸ்வேட் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும், அல்லது பொடியன் மாற்றியிருப்பான், அவனிடம் கேளுங்கள். உள்ளே 'லான்' பக்கத்தில் பெட்டியின் சொந்த ஐபியை 192.168.1.2 ஆக்குங்கள். அது திரும்ப எழும்பும். இப்போது 192.168.1.2 என்று அடித்து உள்ளே போய் டிஎச்சிபியை நிற்பாட்டுங்கள். இந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள். முதலே டிஎச்சிபியை நிற்பாட்டினால் லப்டொப்புக்கு இலக்கம் கொடுக்க ஆளில்லாமல் 169.254 என்று தொடங்கும் ஓர் அநாதை இலக்கம் வந்து நிற்கும், வெளியே நின்று கதவு தட்ட வேண்டிவரும். முடிந்ததும் நீளக் கேபிளைப் பழையபடி மஞ்சளில் பூட்டுங்கள்.

பிறகு முன் பெட்டி, 192.168.1.1. டிஎச்சிபி எல்லையை 100 முதல் 199 வரை என்று சுருக்குங்கள். நூறு இலக்கம் ஒரு வீட்டுக்குத் தாராளம், உங்கள் பிள்ளைகள் நாற்பது பேரும் வைஃபை கேட்டாலும் மிஞ்சும். இப்படிச் செய்தால் 2இல் குடியிருக்கும் பின் பெட்டியை யாரும் இடிக்க மாட்டார்கள். அதன் பிறகு றிசவேசன் பக்கத்தில் பிறிண்டருக்கு ஒன்று, கமராவுக்கு ஒன்று. பிறிண்டருக்கு 192.168.1.20 போட்டுப் பாருங்கள். சில பெட்டிகள் பதிவு இலக்கம் எல்லைக்குள்ளேதான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும், அப்படியென்றால் 120.

அங்கே மேக் முகவரி கேட்கும். பன்னிரண்டு இடம், இலக்கமும் எழுத்தும் கலந்து இரண்டிரண்டாகப் பிரித்து எழுதியிருக்கும். சாமான் செய்யும்போதே அதற்குள் பதிக்கிற பெயர் அது, முதல் ஆறு இடம் செய்த கொம்பனியைக் காட்டும். பிறிண்டரின் நெற்வேர்க் அறிக்கையை அச்சடித்தால் அதில் கிடைக்கும்.

கொம்பனி தந்த சில பெட்டிகளில் இந்தப் பக்கங்களைப் பூட்டி வைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் மட்டும் இணுவில் தம்பியின் வழி.

பனங்கொட்டை:

இடையில் ஒன்று. நான் இந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்த புளுகத்தில் வீட்டிலுள்ள போன்களுக்கும் இலக்கம் எழுதிவைத்து, ஒன்றும் நிற்காமல் இரண்டு நாள் விசர் பிடித்து அலைந்தேன். 2019இல் வந்த அன்ட்ரொயிட் 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14, அவற்றுக்குப் பிறகு வந்த போன்கள் எல்லாம் வைஃபைக்கு உண்மையான மேக் முகவரியைக் காட்டுவதில்லை, தாங்களே ஒன்றை உண்டாக்கிக் காட்டும். போனில் அந்த வைஃபையை அழித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தால் சில நேரம் இன்னொன்று. போனை யாரும் தேடிப்போய்த் தட்டுவதில்லையே, அதற்கு ஏன் நிலையான இலக்கம்? விட்டுவிடுங்கள்.

ஸ்காபரோப் பனி:

உங்கள் தம்பியின் பக்கத்திலிருந்து நான் கதைக்கிறேன் அக்கா. நானும் இங்கிருந்து அரியாலையில் அம்மாவின் முற்றத்தைப் பார்க்கிறவன்தான்.

கமராவை வெளிநாட்டிலிருந்து பார்க்கக் காசுக்கு வாங்குகிற ஸ்ரற்றிக் ஐபி தேவையில்லை. இப்போதைய வைஃபைக் கமராக்கள் தாங்களே வெளியே போய், செய்த கொம்பனியின் சேர்வரில் பதிந்து நிற்கும். தம்பியின் செயலி அங்கே போய்த்தான் சந்திக்கும். கமராவுக்கு வெளியே போக வழி இருந்தால் போதும். வயர்க்கட்டு அண்ணை சொன்னதைச் செய்தால் அந்த வழி கிடைத்துவிடும்.

றவுட்டரில் 'போர்ட் திறந்துவிடு', அதாவது வெளியிலிருந்து நேரே கமராவுக்கு வர வழி விடு, என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். 2016இல் மிராய் என்ற நச்சு நிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேட்டோடு வெளியே தெரிந்த கமராக்களையும் ரெக்கோடர்களையும் ஆயிரக்கணக்கில் பிடித்து, அவற்றைக் கொண்டே அந்த வருடம் ஒக்டோபரில் அமெரிக்காவில் பெரிய தளங்கள் பலவற்றை மணிக்கணக்கில் முடக்கியது. கமராவின் முதல் பாஸ்வேட்டை இன்றைக்கே மாற்றுங்கள். மாம்பழம் போனால் அடுத்த வருடம் காய்க்கும்.

இன்னொன்று, காசு கட்டிப் போர்ட் திறந்தாலும் எல்லா வீட்டுக்கும் சரிவராது. றவுட்டரின் 'வான்' (வெளி இணைப்பு) பக்கத்தில் இருக்கும் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், கொம்பனி பல வீடுகளை ஒரே வெளி இலக்கத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த எல்லையை இதற்கென்றே 2012இல் ஒதுக்கினார்கள். அப்படியான வீட்டுக்கு வெளியிலிருந்து நேரே வந்து தட்ட முடியாது.

கமரா இரண்டாவது ஒன்று வாங்கினால் மட்டும் கவனம். கேபிளில் ஓடும் கமராக்கள் சில பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஒரு நிலையான ஐபியோடு வரும். ஹிக்விஷனில் பெரும்பாலும் 192.168.1.64, தாகுவாவில் 192.168.1.108. ஒரே வகையில் இரண்டை ஒரே நேரத்தில் பூட்டினால் இரண்டும் ஒரே இலக்கத்தில் முட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் பூட்டி இலக்கத்தை மாற்றிவிட்டு அடுத்ததைப் பூட்டுங்கள்.

கோண்டாவில் ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை பின்னேரம் தொடங்கி, இடையில் ஒரு தேத்தண்ணியோடு ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்தது.

பின் பெட்டியில் கரைச்சல் இல்லை. மானிப்பாய்ப் பொடியனிடம் பாஸ்வேட் கேட்டபோது, 'நான் டிஎச்சிபியை நிற்பாட்ட மறந்துபோனேன் மாமி' என்று தானாகவே சொன்னான். தெரிந்துதான் இருந்திருக்கிறான். அடுத்த தரம் வரும்போது மாங்காய் கொடுக்க யோசிக்க வேண்டும்.

முன் பெட்டியில் எல்லையைச் சுருக்கினேன். பிறிண்டருக்கு 20ஐ ஏற்கவில்லை, எல்லைக்கு வெளியே என்று சிவப்பில் எழுதியது. 120 போட்டேன், ஏற்றது. பிறிண்டரை நிற்பாட்டிப் போட்டால் 192.168.1.101 வருகிறது. திரும்ப நிற்பாட்டிப் போட்டேன், திரும்பவும் 101. அரை மணித்தியாலம் தலையிடி. பிறகு பார்த்தால் அறிக்கையில் மேக் முகவரி இரண்டு இருக்கிறது, கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று. கடைசி ஒரு இடம்தான் வித்தியாசம். நான் மேலே இருந்ததை எழுதியிருக்கிறேன், அது கேபிளுடையது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, ஆகவே அடுத்து வருபவர்களுக்காக நான் சொல்லிவைக்கிறேன். மாற்றி எழுதியதும் 120 வந்துவிட்டது. கமராவுக்கு 121.

அப்படியும் லப்டொப்பில் ஓஃப்லைன்தான். இணுவில் தம்பி சொன்னபடி பிறிண்டரை அழித்துச் சேர்த்தேன். விண்டோஸ் தானாகத் தேடிப் பிடித்ததை எடுக்காமல், ஐபி கொடுத்துச் சேர்க்கும் வழியில் 192.168.1.120 என்று நானே அடித்தேன். அதற்குப் பிறகுதான் பேசியது.

வயர்க்கட்டு:

அந்தக் கேபிள் மேக் விஷயம் நான் சொல்லியிருக்க வேண்டும், என் பிழை. பரீட்சை வைத்துப் பார்த்தீர்களா? மெயின் சுவிட்சை நிற்பாட்டிப் போட்டுப் பார்க்காமல் ஞாயிறு விடிய நம்ப வேண்டாம்.

பெட்டிக்குப் பின்னால் இருக்கிற ஊசி ஓட்டையை யாராவது குத்தினால் பதிவு எல்லாம் அழிந்துவிடும். இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முடிந்தால் முன் பெட்டிக்கு ஒரு சின்ன யுபிஎஸ். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற காலத்தில் வாங்கியது பலரிடம் தூசி பிடித்துக் கிடக்கும்.

கோண்டாவில் ரீச்சர்:

சனி பின்னேரம் மெயின் சுவிட்சை மூன்று தரம் நிற்பாட்டிப் போட்டேன். மூன்றாம் தரம் மாமி 'ஆர் அது விசர் வேலை பார்க்கிறது' என்று பின்னுக்கிருந்து சத்தம் போட்டார். மூன்று தரமும் 120. இலக்கங்களைப் புள்ளிப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். யுபிஎஸ் அலுமாரிக்கு மேலே இருக்கிறது, பற்றரி செத்துப்போயிற்று, மாற்ற வேண்டும்.

இன்று விடிய ஐந்து மணிக்கு 40 பிரதியும் வந்தது. தம்பியும் கோல் எடுத்தான். கமரா வடிவாகத் தெரிகிறதாம், ஆனால் கேற்றுப் பக்கக் கொப்பில் மூன்று காய் குறைகிறதாம், யார் பிடுங்கினது என்று பழைய பதிவைத் தேடிக்கொண்டிருக்கிறான். நெற் இல்லாத நாளில் நான்தான் பிடுங்கினேன். இன்னும் சொல்லவில்லை.